ஐந்தருவிச் சாலையில் பெரிய டர்போ

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பத்துக்குச் சின்னவள் முதல் முறை இருமினாள். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், பெரியவள் ஜீப்பின் முன்பலகையில் ஒட்டிவைத்திருந்த கடிகாரத்தை நான் அப்போதுதான் பார்த்திருந்தேன். குற்றாலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஐம்பது நிமிடம் ஆகியும் ஐந்தருவி வந்தபாடில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு சின்ன இருமல். ஒரு நிறுத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வது போல ஒன்று. மற்றவர்கள் காதில் அது வெறும் இருமலாகத்தான் விழுந்திருக்கும். ஏழு வருடமாக மூச்சிழுப்புள்ள பிள்ளையை வளர்க்கிறவளுக்கு அப்படி விழாது. திரும்பிப் பார்த்தேன். பின்பக்கத் தார்ப்பாய்த் திரையை, சாரல் முகத்தில் பட வேண்டும் என்று அவளே சுருட்டி மேலே கட்டியிருந்தாள். அந்தத் திறப்பின் வழியாகக் கரும்புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற வேனின் புகை என்று முதலில் நினைத்தேன். இல்லை, எங்கள் புகைதான். அந்த வளைவில் காற்று பின்னாலிருந்து அடித்தது. எங்கள் ஜீப் கக்கியதை எங்கள் மீதே கொண்டுவந்து கொட்டியது.

“ஏட்டி, வண்டிய ஆஃப் பண்ணு” என்றேன் பெரியவளிடம்.

பண்ணினாள். ஒரு நிமிடம் கழித்து முன்னால் நின்ற வேன் பத்தடி நகர்ந்தது. பின்னால் ஹாரன். மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். வண்டி நகர மறுத்து முனகியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். மறுபடி ஒரு பெரிய கரும்பந்து.

இந்தப் புகைக்கு மூன்று மாதக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால், என் பெரிய மகள் ஏதோ விளையாட்டுத்தனமாகச் செய்துவிட்டாள் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். அப்படி நினைத்துத் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

நாங்கள் தென்காசியில் இருக்கிறோம். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் கணவருக்குப் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை. கடையம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. அங்கிருந்து மூட்டைகளை மேட்டு வழியாகத் தார்ச்சாலைக்குக் கொண்டுவர வைத்திருப்பதுதான் இந்தப் பழைய டீசல் ஜீப். பெரியவளுக்கு இருபத்துநான்கு வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தாள். இந்தக் கோடையில் வேலையை விட்டுவிட்டு வந்து, தென்காசியிலேயே டீசல் ஒர்க்‌ஷாப் போடப்போகிறேன் என்றாள். அவள் இடம் பார்க்கப் போன ஒவ்வொரு இடத்திலும், ஒர்க்‌ஷாப்பை யார் நடத்துவார்கள் என்று அவளிடமே கேட்டார்கள். அந்தக் கோபத்தை எல்லாம் அவள் ஜீப்பின் மீது இறக்கிவைத்தாள்.

ஜீப்பில் ஏற்கெனவே ஒரு டர்போ இருந்தது. தண்டு தேய்ந்து, எண்ணெயைக் குடித்து, நீலப்புகை விட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதே அளவில் புதியது வாங்கிப் போட்டிருந்தால் இந்தப் பக்கங்களை நான் எழுதியிருக்க மாட்டேன். அவள் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு லாரி டர்போவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழையது தேங்காய் அளவு என்றால் இது பூசணிக்காய் அளவு.

இதை ஏன் போட வேண்டும் என்று கேட்டேன். நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டின் மேல் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டாள். எஞ்சின் வெளியே தள்ளுகிற சூடான புகையிலேயே சுற்றுகிற சக்கரம் ஒன்று. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. சக்கரம் சின்னதாக இருந்தால் கொஞ்சம் புகையிலேயே விறுவிறுவென்று சுற்றத் தொடங்கிவிடும். ஆனால் எஞ்சின் வேகம் ஏறியதும் அதற்கு மேல் காற்றுத் தர அதனால் முடியாது. சக்கரம் பெரிதாக இருந்தால் மேல் வேகத்தில் காற்றை அள்ளிக் கொடுக்கும். கீழே, மெதுவாக ஓடுகிறபோது, அதைச் சுழற்றவே புகை போதாது. அது விழித்துக்கொள்ளும்வரை எஞ்சின் வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது. புரிந்ததோடு நிற்காமல் ஒரு கேள்வியும் கேட்டேன். காற்று மட்டும் கூடினால் போதுமா, எரிய வேண்டியது டீசல்தானே என்று.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அந்த மூன்று மாதத்தில் அவளிடம் யாராவது கேட்ட முதல் சரியான கேள்வி அது என்று நினைக்கிறேன்.

“அதாம்மா விஷயமே. காத்து எடம்தான் குடுக்கும். வேல செய்யுதது டீசல். பெரிய டர்போ போட்டா அதுக்கு ஏத்த பம்ப் வேணும், இன்ஜெக்டர் வேணும், டேங்க்ல இருந்து வருத குழாயும் ஃபில்டரும்கூட ஏத்ததா இருக்கணும். இல்லன்னா பெரிய டர்போ சும்மா ஒரு ஃபேன்தான்.”

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவள்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரியாமல் செய்தால் மன்னித்துவிடலாம்.

இன்ஜெக்டர்களை மாற்றினாள். ஃபில்டரை மாற்றினாள். குழாயை மாற்றினாள். மிச்சம் இருந்தது பம்ப். டர்போவில் காற்றழுத்தம் ஏறிய பிறகுதான் கூடுதல் டீசலைத் திறந்துவிட வேண்டும் என்பதற்காகச் சில பம்புகளின் தலையில் ஒரு ரப்பர் சவ்வு இருக்குமாம். காற்று வந்தால் சவ்வு தாழும், டீசல் கூடும். காற்று வராவிட்டால் கூடுதல் டீசலும் வராது. எங்கள் ஜீப்பின் பம்பில் அந்தச் சவ்வு கிழிந்து, முன்பு வைத்திருந்தவர் யாரோ அதை அடைத்தே விட்டிருந்தார். வேறு பம்ப் வெளியூரிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார் பம்ப் கடை அண்ணாச்சி. தென்காசியில் மலை ஏறுகிற லாரிகளுக்கெல்லாம் டீசல் பம்ப் வேலை செய்கிறவர் அவர். அவர் கணக்கே வேறு. வண்டியைப் பாரத்தோடு ஒரு மேட்டில் ஏற்றச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று புகையைப் பார்ப்பார். கறுப்பாக வந்தால் திருப்தி. வராவிட்டால் பம்பிலிருக்கும் திருகை இன்னும் கொஞ்சம் திறப்பார்.

அவர்தான் எனக்கு ஃபோன் செய்தார். பெரியவள் பம்ப் வரும்வரை காத்திருக்கலாம் என்கிறாள், வண்டி இல்லாமல் தோப்பில் மூட்டை கிடக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார், இருக்கிற பம்பிலேயே நான் திருகைத் திறந்து ஓட்ட வைத்துவிடவா என்று கேட்டார். புகை வருமே என்றேன்.

“புகை வராத வண்டி மலை ஏறுமா டீச்சர்?”

நான் அப்போது பள்ளியில், மதிய இடைவேளையில், கையில் டிபன் பாக்ஸோடு நின்றேன். இரண்டு வாரமாக வீட்டில் ஜீப், டர்போ, பம்ப் தவிர வேறு பேச்சே இல்லை. கணவர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். எனக்குச் சலித்துவிட்டது. சரி, திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மகளிடம் அம்மா சரின்னுட்டாங்க என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் பானெட்டைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

சோதனை ஓட்டம் பார்த்தோம். இலத்தூர் போகிற சாலை, விடிந்த கையோடு, ஒரு வண்டி கிடையாது. கணவர் முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரம் சோம்பலாகப் போன ஜீப், வேகம் ஏறியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலப் பாய்ந்தது. என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. கணவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும்தான். பெரியவள் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே பெரிய டர்போ இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

ஒன்றை மட்டும் யாரும் செய்யவில்லை. அந்த ஜீப்பை நெரிசலில், முதல் கியரில், பத்தடி பத்தடியாக யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. தோப்பு மேட்டில்கூட அவள் ஓட்டம் பிடித்துத்தான் ஏற்றியிருக்கிறாள். பெரிய சக்கரம் சுற்றாத வேகத்தில் வண்டி என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரிந்த முதல் இடம், சீசன் ஞாயிற்றுக்கிழமையின் ஐந்தருவிச் சாலை.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறபோது எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் பை, நகை, ஃபோன் என்று கொண்டுவந்து, கரையில் யாரைக் காவல் வைப்பது என்று திண்டாடுவார்கள். நாங்கள் வீட்டிலேயே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, பழைய சேலை கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் கூடையில் துண்டும் மாற்றுத் துணியும் சீயக்காயும் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவோம். கழுத்தில் மஞ்சள் கயிறு, முந்தானையில் முடிந்த சாவி. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அன்றும் அப்படித்தான் கிளம்பினேன். என் கைப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பள்ளிக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு, எங்கே போனாலும் என் தோளில் தொங்குகிற பை அது. சின்னவளின் இன்ஹேலர் எப்போதும் அதன் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கும். இடம் மாறவே கூடாது என்று ஏழு வருடமாக நான் போட்டிருக்கிற சட்டம் அது.

நான்கு பதினைந்துக்கு, சின்னவளின் நான்காவது இருமலுக்கு, என் கை தோளுக்குப் போயிற்று. தோளில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது.

இப்போதும் தெருவில் ஏதாவது டீசல் வண்டி இழுக்க மாட்டாமல் முனகுகிற சத்தம் கேட்டால் என் கை தோளுக்குப் போகிறது. வகுப்பறையில்கூட. பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

பெரியவளிடம் மட்டும் ஃபோன் இருந்தது. டர்போ அழுத்தம் காட்டுகிற மீட்டரைப் படம் பிடிப்பதற்காகக் கொண்டுவந்திருந்தாள். மீட்டரின் முள் நெரிசலில் மாட்டியதிலிருந்து அதுவரை பூஜ்யத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் 108-க்கு அடித்தாள். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் அந்தச் சாலையில் எப்போது உள்ளே நுழைய முடியும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அப்பாவுக்கு அடித்தாள். அவர் புளியங்குடியில், ஏலத்தின் இரைச்சலுக்கு நடுவே, முதலில் கேட்டது வண்டிக்கு என்ன ஆச்சு என்பதுதான். நான் ஃபோனைப் பிடுங்கி, வண்டிக்கு இல்லை, பிள்ளைக்கு என்றேன். வருதேன் என்றார். எங்கிருந்து, எப்போது வருவார். எனக்கு எல்லார் மீதும் ஆத்திரமாக வந்தது.

சின்னவள் இப்போது இருமவில்லை. அது நல்லதல்ல. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. வெளிவிடுகிற மூச்சில் விசில் சத்தம் கேட்டது.

திரும்பிவிடலாம், தென்காசி ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு நிமிடம் காலியாக இருந்தது. பெரியவள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். வண்டி முன்னால் பாதி திரும்பியது. பின்னால் எடுக்க வேண்டும். இடது பக்கம் சாலையோர ஓடை, அதுவரை லேசான மேடு. ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டாள். எஞ்சின் அமுங்கியது. கரும்புகை. மிதித்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் மிதித்தாள். பின்னால் வேனில் வந்த இளவட்டங்கள் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எக்கா, வண்டி டீசல்ல ஓடுதா, அடுப்புக்கரியில ஓடுதா?”

“கொசு மருந்து அடிக்க வந்திருக்காவ போலல, வழி விடு.”

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டர்போவின் பெரிய சக்கரம் விழித்துக்கொண்டது. அத்தனை நேரம் வராத காற்று ஒரே நொடியில் வந்தது. அதற்காகவே காத்திருந்த டீசல் முழுக்க எரிந்தது. ஜீப் பின்னால் துள்ளியது. அவள் பிரேக்கை மிதிப்பதற்குள் இடது பின்சக்கரம் ஓடைக்குள் இறங்கிவிட்டது. வண்டி சாலைக்குக் குறுக்காக, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுபோனது. ஏறுகிற வண்டிகளும் நின்றன. இறங்குகிற வண்டிகளும் நின்றன.

நான் அப்போது சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுதிவிடுகிறேன்.

“படிச்சுக் கிழிச்ச. ஒன் டர்போவத் தூக்கி அந்த ஓடையிலயே போடு. தங்கச்சியக் கொல்லுததுக்கா ஒனக்கு ஒர்க்‌ஷாப்பு?”

இத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவள் எஞ்சினை அணைத்தாள். இறங்கினாள்.

பிறகு அவள் செய்ததை நான் சின்னவளைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். வரிசையில் நின்ற ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்டாள். இன்ஹேலர் இருக்கா, இழுப்புக்கு அடிக்கிற மருந்து இருக்கா. கார், வேன், ஆட்டோ, பஸ். கீழே வளைவுவரை போய்த் திரும்பி, மேல்பக்கம் போனாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. இருந்தால் கொடுத்திருப்பார்கள். ஒரு அம்மாள், எனக்கும் இழுப்பு உண்டு, லாட்ஜிலேயே வைத்துவிட்டு வந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். அவ்வளவு நீள வரிசையில் இருந்ததெல்லாம் எண்ணெய் வைத்த தலைகளும் துண்டுகளும்தான். அருவிக்குப் போகிறவர்கள் எதைக் கொண்டுவருவார்கள்.

அதற்குள் ஜீப்பைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. பிள்ளையைப் படுக்கப் போடுங்கள் என்றார் ஒருவர். படுக்கப் போட்டால் இன்னும் முட்டும் என்று நான் கத்தினேன். ஒருவர் சுக்குக் காப்பி வாங்கிவந்து நீட்டினார். சின்னவளால் டம்ளரைப் பார்க்கத்தான் முடிந்தது. காற்று வரட்டும், விலகுங்கள் என்று யாரோ சொல்ல, விலகிய இடத்தில் வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். வேனிலிருந்து கிண்டல் செய்த இளவட்டங்களில் இரண்டு பேர் இறங்கிவந்து, ஆளை விலக்கி நின்றுகொண்டார்கள். அவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எண்ணிக்கை என்ன வந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. விரல் நகங்களைப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். சாரலில் நனைந்த வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியவில்லை. குளிரினால் வந்த நிறமா, வேறு நிறமா என்று சொல்ல முடியவில்லை.

அப்போது எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. வரக்கூடாத நேரத்தில் வந்தது. ஒவ்வொரு வருடமும் சோதனைக்கூடத்தில் பன்சன் பர்னரைப் பற்றவைத்து, அடியிலிருக்கும் காற்றுத் துளையை மூடிக் காட்டுவேன். நீலச் சுடர் மஞ்சளாகி, நெளிந்து, மேலே பிடித்த பீங்கான் கிண்ணத்தில் கரி படியும். வாயு அதே அளவுதான் வருகிறது, காற்று போதவில்லை, அதனால் எரியாமல் போன கார்பன் இது என்று சொல்லிக் கிண்ணத்தைப் பிள்ளைகளிடம் சுற்றுக்கு விடுவேன். விரலால் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். எத்தனை வருடம் அந்தக் கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டிருப்பேன். டிபன் பாக்ஸோடு ஃபோனில் நின்ற அந்த மதியம், காற்று வருவதற்கு முன்னால் டீசலைத் திறந்துவிடலாமா என்றுதான் அண்ணாச்சி கேட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லியிருக்கும் பதிலை நான் சொல்லவில்லை. என் மகள் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னாள். அவளைத் தாண்டி நான்தான் சரி என்றேன்.

பெரியவள் மேல்பக்கத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கிட்டே வரவில்லை. பானெட் பக்கத்தில் நின்றாள். புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தாளோ என்னவோ, கை இரண்டும் கறுப்பு. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்திருந்தாள்.

சின்னவள் என் சேலையை இழுத்தாள். குனிந்தேன்.

“அம்மா” என்றாள். ஒரு மூச்சு. “அக்காவ.” இன்னொரு மூச்சு. “ஏசாத.”

மூன்று வார்த்தைக்கு மூன்று மூச்சு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை என்றால் உடனே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம். எங்கே கொண்டுபோவது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் வரை இறங்கி ஓடிவிடலாமா என்று யோசித்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையை எவ்வளவு தூரம் என்னால் தூக்க முடியும். அந்த இளவட்டங்களில் ஒருவன், நான் தூக்குதேன் ஆச்சி, வாங்க என்றான். என்னைப் பாட்டியாக்கி ஆச்சி என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. முகம் அப்படி ஆகியிருக்க வேண்டும். சரி என்று நான் எழுந்திருக்கப் போனேன்.

அப்போதுதான் மேலே, ஐந்தருவிப் பக்கத்திலிருந்து, விசில் சத்தம் கேட்டது. ஒரு பெண் போலீஸ் நடந்து வந்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாள். அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் நின்று வரிசை விடுகிறவளாம். கீழே வண்டி அடைத்துக் கிடக்கிறது, மேலே குளித்தவர்கள் இறங்க முடியவில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். ஜீப்பைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“யாரு இது, கல்யாணப் பந்தல் மாதிரி ரோட்டுக்குக் குறுக்கப் போட்டது? டிரைவர் எங்க?”

பெரியவள் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

போலீஸ்காரி அவளை ஏசுவதற்காக வாயைத் திறந்துகொண்டேதான் கிட்டே வந்தாள். பிறகு ஜீப்புக்குள் பார்த்தாள். சின்னவளின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். விசிலைச் சட்டைப்பையில் போட்டாள். பேன்ட் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நீல நிற இன்ஹேலர்.

“பிள்ளைக்கும் இதுதானா பாருங்கக்கா” என்று என் கையில் வைத்தாள். “சீசன் முழுக்க அந்தத் தண்ணிப்பொகையிலயே நிக்கேன். இது இல்லாம எனக்கும் ஆவாது.”

மருந்தின் பெயரைப் படித்தேன். இரண்டாம் முறை படித்தேன். அதுதான். குலுக்கி, சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்து, சின்னவளின் உதட்டில் வைத்தேன். ஒரு அமுக்கு. மூச்சைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விட்டுவிட்டாள். காத்திருந்தேன். இன்னொன்று. இந்த முறை கொஞ்சம் உள்ளே நின்றது. போலீஸ்காரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்து அடுத்தது என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூன்றாவது. நான்காவது. வளைவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடிக்க, இங்கிருந்து நாலைந்து பேர் திரும்பி அவரை ஏசினார்கள்.

எத்தனையாவது மூச்சில் என்று தெரியவில்லை, விசில் சத்தம் குறைந்தது. நின்றுவிடவில்லை. குறைந்தது. தோள் ஏறுவது கொஞ்சம் தாழ்ந்தது. சின்னவள் முன்சீட்டை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

மணி நான்கு ஐம்பத்திரண்டு. நான் போலீஸ்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன். டர்போ பெரிது, பம்ப் மாற்றவில்லை, நான்தான் சரி என்று சொன்னேன், பையை வீட்டில் வைத்துவிட்டேன். அவளுக்கு ஒரு வார்த்தை விளங்கியிருக்காது. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அந்த இளவட்டங்களைப் பார்த்துப் பேசினாள்.

“பாத்துக்கிட்டே நிக்கிய. பத்து பேர் சேந்து பிடிங்கல, வண்டிய ஓரமாத் தூக்கி வச்சுட்டு ஒரு பக்கமா விடுங்க.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க கீழ போக வேண்டாம்க்கா. இன்னும் ரெண்டு வளைவு ஏறுனா அருவிக்கிட்ட மெடிக்கல் கேம்ப் போட்டிருக்கு. டாக்டர் இருக்காரு, ஆக்சிஜன் இருக்கு. அந்தா, இடுக்குல நொழஞ்சு மேல போற பைக்க நிப்பாட்டுதேன். பிள்ளைய நடுவுல வச்சு உக்காருங்க.”

சொன்னபடியே ஒரு பைக்கைக் கைகாட்டி நிறுத்தினாள். அதற்குப் பின்னால் வந்த இன்னொன்றையும் நிறுத்தினாள். நான் சின்னவளை இறக்கினேன். பெரியவள் இன்னும் பானெட் பக்கத்திலேயே நின்றாள். நான் கூப்பிட வாயெடுத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. போலீஸ்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ ஏம்மா அங்கன நிக்க?” என்றாள் அவளிடம். “அந்த பைக்குல ஏறு. வண்டி எங்கயும் போவாது. சாவிய மட்டும் எடுத்துக்க.”